போரஸின் யானைகளும் மங்கோலியக் குதிரைகளும்: 400 பாயிண்ட்டுக்கு 400 பாயிண்ட், ஆனாலும் ஆட்டம் ஒருதலையாகவே முடிகிறது

கௌசிகாநதி

விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். நானும் தம்பியும் பொம்மைப் படைகளை மேசைப் பலகையில் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் விளையாடுகிறோம். என்னிடம் இருப்பது போரஸ் மன்னரின் படை. கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாண்டரை எதிர்த்து நின்றாரே, அந்தப் படை. தம்பியிடம் இருப்பது செங்கிஸ்கான் காலத்து மங்கோலியர்கள். நடுவே ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. தெரிந்துதான் விளையாடுகிறோம், எனவே "இவர்கள் சந்தித்ததே இல்லையே" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பதற்குத்தானே பலகையே விரிக்கிறோம்.

பொம்மைகள் 1/72 அளவு பிளாஸ்டிக். சிலவற்றைச் சேர்த்து ஒரு சின்ன அட்டையில் ஒட்டினால் அது ஒரு பேஸ். என் பக்கம் யானை 6, தேர் 4, குதிரை 4 பேஸ், வில்லாளி 10 பேஸ், ஈட்டிக்காரர் 4 பேஸ். அவன் பக்கம் குதிரை வில்லாளி 14 பேஸ், கவசக் குதிரை 5 பேஸ், அவ்வளவுதான். ஒவ்வொரு படைவகைக்கும் ஒரு விலை, அதுதான் பாயிண்ட். கூட்டினால் ஆளுக்கு 400 பாயிண்ட். ஆறடிக்கு நாலடி பிளைவுட், மேலே பச்சைத் துணி, இரண்டு தோப்பு, ஒரு மேடு.

விதிகள் நாங்களே எழுதியவை. நாலைந்து ரூல் புத்தகங்களைப் பார்த்து எங்களுக்குப் பிடித்ததை எடுத்து ஒட்டிக்கொண்டோம். குதிரை வில்லாளி ஒரு டர்னில் 30 செ.மீ. போகும், பாதி ஓடி, அம்பு விட்டு, மீதிப் பாதி ஓடலாம். அதன் அம்பு 15 செ.மீ. வரை. என் காலாள் வில்லாளி 10 செ.மீ. நடப்பான், அவன் அம்பு 20 செ.மீ. வரை. யானைக்கு 15. பன்னிரண்டு டர்னுக்குள் யார் பாதிப் படையை இழக்கிறார்களோ அவர்கள் தோற்றார்கள்.

நடப்பது என்னவென்றால், அவன் 30 செ.மீ. தள்ளி நிற்கிறான். அவன் டர்னில் உள்ளே வருகிறான், அம்பு விடுகிறான், திரும்ப 30-க்குப் போய்விடுகிறான். என் டர்ன் வரும்போது என் அம்பு எட்டும் தூரத்தில் ஒருத்தனும் இல்லை. யானையை விட்டுத் துரத்தினால் யானை தனியாக மாட்டுகிறது, பதினான்கு பேஸும் அதையே சுடுகின்றன. காயம்பட்ட யானைக்குப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் மதம் பிடித்து ஏதோ ஒரு திசையில் ஓடும் என்று ஒரு விதி. அந்தத் திசை எப்படியோ என் வில்லாளிகளின் திசையாகவே இருக்கிறது. கடைசியாக விளையாடியபோது ஒரே யானை என்னுடைய மூன்று பேஸை மிதித்துவிட்டு மேசை விளிம்பு வரை வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "மொதல்ல அந்த யானையப் புடிங்க" என்றார்கள். தம்பி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

இப்போது அவன், "அக்கா, நான் 300 பாயிண்ட் எடுத்துக்கறேன், நீ 400 வச்சுக்கோ" என்கிறான். அந்த இனாம் எனக்கு வேண்டாம். பகலெல்லாம் கணக்கு எழுதுகிறவள் நான். இரண்டு பக்கமும் ஒரே தொகை போட்டும் கணக்கு உதைக்கிறது என்றால் வேறு எங்கோ ஏதோ விடுபட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

கேட்பது இதுதான். பாயிண்ட்டைத் தொடாமல் இதை ஒரு நல்ல ஆட்டமாக மாற்ற வழி இருக்கிறதா? இல்லை, காலாளும் யானையும் குதிரை வில்லாளியிடம் இப்படித்தான் சாகும், அதுதான் வரலாறு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

குதிரைலாடம்

பதில் சுலபம். நீங்களும் மங்கோலியப் படை வாங்கிவிடுங்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

சரி, விளையாட்டுக்குச் சொன்னேன். தேர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. போரஸின் தேர் ஒவ்வொன்றிலும் ஆறு பேர் என்று ரோம வரலாற்றாசிரியர் கர்டியஸ் எழுதுகிறார். இரண்டு பேர் கேடயம் பிடிக்க, இரண்டு பேர் அம்பு எய்ய, இரண்டு பேர் ஓட்ட. அப்படிப்பட்ட வண்டி முதல் நாள் மழையில் சேறான மண்ணில் என்ன ஆகும்? சிக்கிக்கொண்டது. முன்னால் தடுக்கப் போன போரஸின் மகனோடு 120 தேர்கள் போனதாக, அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய அரியன் சொல்கிறார், எல்லாம் மாட்டின. அதனால் உங்கள் நாலு தேரின் பாயிண்ட்டைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே 400-க்குக் கீழேதான் விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழையபகடை

தங்கச்சி, உங்கள் கேள்வியை வடிவாகப் படித்தேன். நான் இருப்பது லெஸ்டரில். இங்கே பண்டைக்காலப் படைகளை வைத்து விளையாடுகிற ஆட்களுக்கு உங்கள் பிரச்சினை புதிதில்லை. பண்டைக்காலப் போர் விளையாட்டுக்கென்றே ஒரு சங்கம் 1965-இல் தொடங்கின நாடு இது. போட்டிகளில் ஒரு பக்கம் அசீரியர், மறுபக்கம் ஜோன் ஒப் ஆர்க் காலத்துப் பிரெஞ்சுக்காரர் என்று வந்து நிற்பார்கள், ஒருத்தரும் கண் இமைக்க மாட்டார்கள். ஆனால் அப்படி நிற்கிற இடத்தில் எல்லாம் உங்களுக்கு நடந்தது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பாயிண்ட் என்பது ஒரு படைவகை சராசரி எதிரியோடு, சராசரி நிலத்தில் என்ன பெறும் என்பதற்கான விலை. யானைக்குக் குதிரைக்கு எதிரே ஒரு விலை, கவண்காரனுக்கும் ஈட்டி எறிகிறவனுக்கும் எதிரே வேறு விலை. ஆறடி நீள மொட்டை மைதானத்தில் குதிரை வில்லாளிக்கு ஒரு விலை, ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் காடும் இருக்கிற இடுக்கில் வேறு விலை. நீங்கள் எழுதியிருப்பது ஒரே ஒரு விலை. தம்பி 300-க்கு இறங்கினாலும் இதே கதைதான் நடக்கும், கொஞ்சம் மெதுவாக நடக்கும். பாயிண்ட்டை விட்டுவிடுங்கள்.

முதலில் விதியில் இருக்கிற ஓட்டை. அவன் 15 செ.மீ.க்குள் வந்து அம்பு விடும்போது உங்கள் வில்லாளி சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஏன்? உண்மையில் அந்த நேரத்தில் அவன் கையிலும் வில் இருக்கிறது. அரியன் இந்திய வில்லைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள்: ஆள் உயரம் இருக்கும், நிலத்தில் ஊன்றி இடது காலால் மிதித்து நாணை இழுப்பார்கள், அம்பு மூன்று முழத்துக்குச் சற்றுக் குறைவு, கேடயமும் மார்புக் கவசமும் அதைத் தாங்காது. குதிரை மேலிருந்து எய்கிற வில்லுக்கு இது சளைத்ததில்லை. எனவே எதிரி டர்னிலும், எட்டும் தூரத்துக்குள் வருகிறவனை ஒரு முறை எய்யலாம் என்று ஒரு வரி சேருங்கள். அதற்கு ஈடாக, அந்த டர்னில் நகர்ந்த வில்லாளி எய்ய முடியாது என்று வையுங்கள். மழை பெய்தால் எய்யவே முடியாது என்றும் வைக்கலாம். ஜீலத்தில் நிலம் வழுக்கி வில்லை ஊன்ற முடியாமல் போனது என்று கர்டியஸ் எழுதியிருக்கிறார்.

விதி எழுதுகிறவர்கள் இதை வேறு மாதிரியும் கையாண்டிருக்கிறார்கள். 1990-இல் வந்த டி.பி.ஏ. என்ற விதித்தொகுப்பில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டே பேஸ். அதில் குதிரை வில்லாளிக்குத் தூரத்திலிருந்து அம்பு விடுகிற உரிமையே கிடையாது. வருவது, எய்வது, ஓடுவது எல்லாம் சேர்த்துக் கைகலப்பு என்று ஒரே பகடையில் அடக்கிவிட்டார்கள். காலாள் வில்லாளிக்கு மட்டும் தூர அம்பு உண்டு, குதிரைக்கு எதிராக அவன் பலம் 4, காலாளுக்கு எதிராக 2. பலகையும் சின்னது, ஓடி ஒளிய இடம் கிடையாது. எனக்கு அந்த ஆட்டம் கொஞ்சம் சப்பென்று இருக்கும், அது வேறு கதை.

இனி முக்கியமான விஷயம். உங்கள் போரஸுக்கு அந்த மைதானத்தில் என்ன வேலை? யோசித்துப் பாருங்கள், ஒரு வேலையும் இல்லை. சும்மா நிற்கிறார். தம்பிக்கும் வேலை இல்லை, ஆனால் வேலை இல்லாமல் சுற்றுவதற்கென்றே பிறந்த படை அது. "பாதிப் படையை இழந்தவன் தோற்றான்" என்று மட்டும் வைத்தால், பிடிபடாமல் ஓடக்கூடியவன்தான் வெல்லுவான். இரண்டு படைக்கும் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். அப்போது ஆட்டமே மாறும்.

இதற்கு வரலாற்றில் கார்ரே, அர்சூஃப் என்று இரண்டு போர்கள் இருக்கின்றன. இரண்டிலும் காலாள் படை நடுவில், சுற்றிக் குதிரை வில்லாளிகள்.

கி.மு. 53, கார்ரே. ரோமத் தளபதி கிராசஸ் ஏழு லீஜியன், அதாவது ஏழு பெரிய காலாட்படைப் பிரிவுகளோடு வெட்டவெளிக்குள் போனான். எதிரே பார்த்திய (பழைய ஈரானியப் பேரரசு) தளபதி சுரேனா, குதிரைப் படை மொத்தம் பத்தாயிரம் அளவு, அதில் ஆயிரம் பேர் முழுக்கவசம். ரோமர்கள் சதுரமாக நின்று, அம்பு தீர்ந்தால் போய்விடுவார்கள் என்று காத்திருந்தார்கள். அம்பு சுமந்த ஒட்டகங்கள் பின்னால் நிற்பதைப் பார்த்த பிறகுதான் வயிறு கலங்கியது. கிராசஸின் மகன் பப்ளியஸ் 1,300 குதிரை, 500 வில்லாளி, எட்டு கோஹோர்ட் (லீஜியனில் பத்தில் ஒரு பங்கு) காலாளோடு துரத்தப் போனான். பார்த்தியர் ஓடுவது போல ஓடினார்கள். பப்ளியஸின் தலை ஈட்டி முனையில் திரும்பி வந்தது. உங்கள் யானைகள் செய்கிறது பப்ளியஸின் வேலை, தங்கச்சி.

1191, அர்சூஃப். சிலுவைப் போருக்கு வந்த இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னன் ஆக்கரிலிருந்து யாஃபாவுக்குக் கடற்கரையோரமாக நடந்து போகிறான். வலது பக்கம் கடல், இடது பக்கம் காலாட்கள், அவர்கள் கையில் குறுக்கு வில், உள்ளே குதிரைகளும் சாமான்களும். எதிரியான சுல்தான் சலாவுதீனின் குதிரை வில்லாளிகள் வழி முழுக்க எய்கிறார்கள். முதுகில் பத்து அம்பு வரை குத்திக்கொண்டு நின்றபடியே சில காலாட்கள் நடந்ததைச் சலாவுதீனின் ஆளே எழுதி வைத்திருக்கிறான். யாரும் துரத்தவில்லை, நடந்துகொண்டே இருந்தார்கள். அவர்களைத் தடுத்தே ஆக வேண்டும் என்பதால் சலாவுதீன் கிட்டே வர வேண்டியதாயிற்று. கிட்டே வந்த பிறகுதான் குதிரை வீரர்கள் பாய்ந்தார்கள்.

ரிச்சர்டுக்கு ஒரு பக்கம் கடல், போய்ச் சேர ஒரு ஊர். கிராசஸுக்கு இரண்டும் இல்லை.

எனவே என் யோசனை இது. பலகையின் நீளப் பக்கம் ஒன்றில் முழுக்க ஆறு ஓடட்டும், நீல ரிப்பன் போதும். போரஸுக்கு நாலு மாட்டுவண்டி. அவை ஆற்றோரமாக நடந்து எதிர் விளிம்பில் வெளியேற வேண்டும். ஒரு விளிம்பிலிருந்து 60 செ.மீ. உள்ளே தொடங்கட்டும். வண்டிக்கு டர்னுக்கு 10 செ.மீ., மிச்சம் 120 செ.மீ. இருக்கும். நிற்காமல் போனால் 12 டர்ன். நீங்கள் 16 டர்ன் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது எய்வதற்காக நிற்கிற டர்ன் எது, நடக்கிற டர்ன் எது என்று நீங்கள் தலையைப் பிய்க்க வேண்டிவரும். இரண்டு வண்டி வெளியேறினால் போரஸ் வென்றார்.

தம்பிக்கு: பேஸுக்கு ஆறு முறை அம்பு. மங்கோலியனிடம் அறுபது அம்பு இருக்கும் என்று மார்க்கோ போலோ சொல்கிறார், அதைப் பத்துப் பத்தாகப் பிரித்தால் ஆறு. தீர்ந்தால் அவன் பக்க விளிம்பில் நிற்கிற ஒட்டகத்துக்குப் போய் ஒரு டர்ன் நின்று நிரப்பிக்கொண்டு வரட்டும். அந்த ஒட்டகத்தைப் பார்த்ததும் உங்களுக்குக் கை அரிக்கும். போகாதீர்கள்.

தில்லிவாசி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆறு, வண்டி, ஒட்டகம் எல்லாம் சேர்த்தால் ஆட்டம் சமமாகலாம். ஆனால் அக்கா இரண்டாவதாக ஒன்று கேட்டிருக்கிறார், "இதுதான் வரலாறா" என்று. அதற்கு நேர்மையான பதில், ஆமாம்.

யானையும் மங்கோலியரும் நிஜமாகவே மோதியிருக்கிறார்கள். 1277-இல் பர்மாவின் பகான் அரசின் படை சீனாவின் யுன்னான் பக்கம் குப்லாய் கானின் படையோடு மோதியது. மார்க்கோ போலோ கணக்குப்படி பகான் பக்கம் 2,000 யானை, 60,000 ஆட்கள். மங்கோலியர் 12,000 பேர். அவர் எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் யார் ஓடினார்கள் என்பதில் சந்தேகமில்லை. யானைகள்தான் ஓடின. 1398-இல் தில்லிக்கு வெளியே தைமூர். மங்கோலியன் என்று சொல்ல முடியாது, ஆனால் போர் முறை அதே வழி வந்ததுதான். சுல்தான் பக்கம் 120 யானை என்பார்கள். அங்கேயும் யானைகள் எடுபடவில்லை.

போரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜீலத்தில் அலெக்சாண்டர் முதலில் ஏவியது ஆயிரம் குதிரை வில்லாளிகளைத்தான், இந்திய இடது அணி மேல். தஹே இனத்தவர், மத்திய ஆசியப் புல்வெளிக்காரர்கள். அந்த ஆயிரம் பேரே அணியைக் கலைக்கப் போதும் என்றால் பதினான்கு பேஸ் என்ன செய்யும்? தம்பி ஜெயிப்பது விதியின் கோளாறு இல்லை, விதி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

பழையபகடை

தில்லிவாசித் தம்பி சொன்ன மூன்றும் நடந்தவைதான். ஆனால் எப்படி நடந்தன என்று பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்பும்.

1277-ஐ அதே மார்க்கோ போலோவில் தொடர்ந்து படியுங்கள். மங்கோலியக் குதிரைகள் யானையைக் கண்டதும் மிரண்டு திரும்பிவிட்டன, வீரர்களால் அவற்றை முன்னே செலுத்தவே முடியவில்லை. பிறகு குதிரைகளைக் காட்டுக்குள் மரங்களில் கட்டிவிட்டு, இறங்கி நின்று அம்பு விட்டார்கள். அப்போதுதான் யானைகள் திரும்பின. அதாவது யானையை வென்றது காட்டோரத்தில் நின்ற காலாள் வில்லாளி. குதிரை மேல் இருந்தவரை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தங்கச்சி, உங்கள் பலகையில் இரண்டு தோப்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றைத் தூக்கி அலமாரியில் வையுங்கள்.

தைமூர் தில்லிப் போருக்கு முன்னால் பள்ளம் வெட்டினான், எருமைகளைக் கழுத்தோடும் காலோடும் சேர்த்துக் கட்டி வரிசையாக நிறுத்தினான், இரும்பு முட்களைத் தயார் செய்தான். இதற்கெல்லாம் நேரமும் வேலையாட்களும் வேண்டும். உங்கள் தம்பி முதல் டர்னிலேயே குதிரையை விரட்டிக்கொண்டு வருகிறான், அவனுக்கு எங்கே எருமை?

யானை என்ன செய்யும் என்று பார்க்க ஜீலத்தைவிட இப்சஸ் போர் நல்ல உதாரணம். அலெக்சாண்டர் செத்த பிறகு அவருடைய தளபதிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட போர். கி.மு. 301. செலூகஸிடம் சந்திரகுப்த மௌரியர் கொடுத்த யானைகள், அன்று களத்தில் 400 என்பது கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்வது. எதிரி பக்கம் டெமெட்ரியஸ் தன் குதிரைப் படையோடு பாய்ந்து, எதிரே நின்ற குதிரைகளை விரட்டிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டான். திரும்பி வரப் பார்த்தால் நடுவே யானைகள். குதிரை தாண்ட மாட்டேன் என்றுவிட்டது. அவன் அப்பா அன்டிகோனஸ் அந்தப் பக்கம் தனியாக மாட்டிச் செத்தார். அந்த யானைகள் யாரையும் துரத்தவில்லை. நின்றன, அவ்வளவுதான்.

எனவே இரண்டு வரி சேருங்கள். யானையிலிருந்து 10 செ.மீ.க்குள் எந்தக் குதிரையும் வரவேண்டுமானால் பகடையில் 5 அல்லது 6 விழ வேண்டும். இறங்கி நின்றால் அந்தப் பயம் இல்லை. ஆனால் இறங்க ஒரு டர்ன், ஏற ஒரு டர்ன், கீழே இருக்கும்போது 10 செ.மீ.தான், பாதி ஓடி எய்து பாதி ஓடுகிற வேலையும் கிடையாது. யானைகளை இடைவெளி விட்டு நிறுத்துங்கள். போரஸ் யானைக்கு யானை நூறடி விட்டு நிறுத்தினார், இடைவெளிக்குப் பின்னால் காலாட்கள். ஆறு யானை, இருபது இருபது செ.மீ. இடைவெளி, வண்டிகளுக்கும் வெளிக்கும் நடுவே. கணக்கு உங்களுக்குத் தெரியும்.

தஹே வில்லாளி ஆயிரம் பேர் அணியைக் கலைத்தார்கள் என்பதும் உண்மைதான். பின்னாலேயே அலெக்சாண்டரின் ஈட்டிக் குதிரைகள் வந்தபடியால் கலைந்தது. ஆனால் தம்பியிடமும் ஐந்து பேஸ் கவசக் குதிரை இருக்கிறது. அதைக் கவனமாகப் பாருங்கள், அதுதான் உங்களைக் கொல்லும்.

தில்லிவாசி

குதிரை மிரண்ட விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 5, 6 என்பது அதிகம். பழக்கினால் குதிரை யானையைச் சகித்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே படையில் வைத்திருந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். 4-லிருந்து வைத்தால் சரியாக இருக்கும்.

பழையபகடை

யானையோடு வளர்ந்த குதிரைக்கு 4 வையுங்கள், 3 கூட வையுங்கள். புல்வெளியிலிருந்து வந்த குதிரைக்கு 5-தான். இதில் நான் இறங்க மாட்டேன்.

கௌசிகாநதி

இரண்டு பேருக்கும் நன்றி. 5-ஏ வைத்தோம், தம்பி முனகினாலும் ஒத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். நடந்ததைச் சொல்கிறேன்.

தேர்களை வெளியே வைக்க மனசில்லை, நானே உட்கார்ந்து பெயின்ட் அடித்தவை. நாலையும் வரிசையின் வாலில் நிறுத்தினேன், யாராவது பின்னால் வந்து கடித்தால் கடிபடட்டும் என்று. ஆறு யானை வெளிப்பக்கம், பின்னால் வில்லாளிகள், அதற்குப் பின்னால் வண்டி, அப்புறம் ஆறு. ஈட்டிக்காரர் இரண்டு பேஸ் முன்னால், இரண்டு பேஸ் பின்னால்.

முதல் மூன்று டர்ன் தம்பி பழையபடியே வந்து வந்து போனான். ஆனால் இப்போது அவன் வரும்போது என் வில்லாளிகளும் எய்தார்கள். அவனுக்கு இரண்டு பேஸ் போனது, எனக்கு ஒன்று. அதற்கே அவன் முகம் மாறியது. நான்காவது டர்னில் அவன் அம்புக் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தான். எழுதி வைக்கச் சொன்னால் எழுத மாட்டான், அதனால் பேஸுக்கு ஆறு கடுகு வைத்தோம், ஒவ்வொரு முறையும் ஒன்று எடுக்க வேண்டும். (கடுகு உருண்டு போகிறது. துவரம்பருப்பு நல்லது.)

ஆறாவது டர்னில் அவனுடைய பாதிக் குதிரைகள் ஒட்டகத்தைப் பார்த்துத் திரும்பின. என் குதிரை நாலு பேஸும் சும்மாதான் நின்றன. பலகையின் அந்த மூலையில் ஒட்டகம் ஒன்றே ஒன்று, காவலுக்கு ஒருத்தன் கூட இல்லை. பழையபகடை ஐயா சொன்னபடி கை அரித்தது. போகவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு தம்பி சொன்னான், கவசக் குதிரை மூன்று பேஸை மேட்டுக்குப் பின்னால் அதற்காகவே வைத்திருந்தானாம்.

போகாததால் அந்த மூன்றும் வீணாக நிற்க முடியாமல் எட்டாவது டர்னில் என் வால் பக்கம் வந்தன. தேர் நாலும் போயின. குதிரைலாடம் சொன்னது சரி, ஆனால் அவை போய் முடிய இரண்டு டர்ன் ஆனது, அதற்குள் வண்டிகள் 20 செ.மீ. நகர்ந்துவிட்டன. அந்த அளவுக்கு அவை பிரயோஜனப்பட்டன.

பத்தாவது டர்னில் தம்பி கடைசியாக மார்க்கோ போலோ ஆனான். நாலு பேஸை இறக்கிவிட்டான். தோப்பு இல்லாததால் வெட்டவெளியில் நிற்க வேண்டி வந்தது, என் வில்லாளிகள் இரண்டைக் காலி செய்தார்கள். மீதி இரண்டும் சேர்ந்து நடு யானையை அடித்தன. பகடையில் 1. மதம். திசைக்குப் பகடை போட்டால் நேராக ஆற்றுப் பக்கம். ஒரு வில்லாளி பேஸ், ஒரு வண்டி, இரண்டையும் மிதித்துவிட்டு யானை தண்ணீருக்குள் போய் நின்றது. அந்த ஓட்டை வழியாகக் கவசக் குதிரைகள் உள்ளே வந்து இன்னொரு வண்டியையும் பிடித்துவிட்டன.

மிச்சம் இரண்டு வண்டி. முதல் வண்டி பதினான்காவது டர்னில் வெளியேறியது. பின் வண்டிக்குப் பதினாறாவது டர்னில் 10 செ.மீ. நகர்த்தினேன். மாடுகள் பலகைக்கு வெளியே. வண்டியின் பின் சக்கரம் பலகை மேலேயே இருக்கிறது. பேஸில் பாதிக்கு மேல் வெளியே, பாதிக்குக் கீழே உள்ளே.

வென்றேன் என்கிறேன் நான். "சாமான் வண்டிக்குள்ள இருக்குது, மாட்டு மேலயா இருக்குது?" என்கிறான் அவன். தீர்ப்பு சொல்லுங்கள். வண்டியை இன்னும் எடுக்கவில்லை, அப்படியே நிற்கிறது, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மேசை வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது.

குதிரைலாடம்

மாடு வெளியே போனால் வண்டி வெளியே போனது மாதிரிதான். அக்காவுக்கு வெற்றி.

தில்லிவாசி

பேஸ் முழுவதும் வெளியேறினால்தான் கணக்கு. எல்லா ஆட்டத்திலும் அதுதானே வழக்கம். தம்பிக்கு வெற்றி. நான் முதலிலேயே சொன்னேன்.

பழையபகடை

பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824-இல் படை அதிகாரிகளுக்குப் போர் விளையாட்டை அமைத்தபோது நடுவில் ஒரு நடுவரை உட்கார வைத்ததே இந்த மாதிரி நேரத்துக்குத்தான். நடுவர் இல்லாத ஆட்டத்தில் எழுதாத விதிக்கு இரண்டு பக்கமும் பொறுப்பு. "வெளியேற வேண்டும்" என்று எழுதின நான் எது வெளியே போக வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த முறைக்கு, பேஸின் பின் விளிம்பு பலகையைத் தாண்ட வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த முறைக்கு ஆட்டம் சமன்.

ஒன்று கேட்க வேண்டும். பதினோராம் டர்னில் அந்த ஓட்டையை அடைக்க உங்கள் நாலு பேஸ் குதிரை என்ன செய்துகொண்டிருந்தது?

கௌசிகாநதி

மதம் பிடித்த யானை போன வழியிலிருந்து 10 செ.மீ.க்குள் அவை நின்றன. என் குதிரையும் குதிரைதானே, அதற்கும் 5, 6 விழ வேண்டும் என்று தம்பி பிடித்துக்கொண்டான். எனக்கு 3 விழுந்தது. இப்போது உங்கள் பதிலைக் காட்டினேன், யானையோடு வளர்ந்த குதிரைக்கு 4, 3 கூட என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று. "அது ஆட்டத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்" என்கிறான்.

சமன் தீர்ப்பை ஒத்துக்கொண்டோம். அடுத்த ஆட்டத்தில் என் குதிரைகளுக்கு 3. அதற்குப் பதிலாக அவனுக்கு இரண்டாவது ஒட்டகம் வேண்டுமாம், பலகையின் நடுவில். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.